பக்கத்து வீட்டு நாயும் பன்னிரண்டு நாற்பதும்

ரீமர் ஊரில் பதினாறு வயது தாண்டிய அத்தனை பேரும் ஒரு முறையாவது மர்லா குச்சேராவிடம் தோற்றுத் திரும்பியவர்கள்தான். மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் தரைத்தளத்தில், எப்போதும் ஒழுகும் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் கவுண்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஆளுநர்கள் வந்தார்கள், போனார்கள். மர்லா எங்கும் போகவில்லை.

லூத்தரன் சபைப் போதகரை, மின்கட்டண ரசீதில் வீட்டு எண் விட்டுப்போயிருந்ததற்காக ஒருநாள் திருப்பி அனுப்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மன்னிப்பைப் பற்றி நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார். முடிந்ததும் வாசலில் கைகுலுக்கும்போது, அவர் சொன்ன வசன எண் தப்பு என்று மர்லா பணிவாகத் தெரிவித்தாள். போதகர் இப்போது உரிமம் புதுப்பிக்கும் வேலைக்கெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறார்.

அவளிடம் மூன்று வாசகங்கள் உண்டு. ஊரில் சின்னப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடுகிற அளவுக்குப் பிரபலம். ஒன்று, "நடுப்பெயரையும் முழுசா எழுதணும்." இரண்டு, கேமரா முன்னால் நிற்கிறவர்களுக்கு: "பல்லைக் காட்டாதீங்க." மூன்றாவதுதான் நீளம். "தப்பா எழுதிட்டா கிறுக்காதீங்க, வெள்ளை மை பூசாதீங்க. ஒத்தைக் கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, முதலெழுத்தும் தேதியும் போடுங்க." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசை நேற்று முளைத்ததும் இல்லை. அவள் புருஷன் டுவேன், சோள வயல்களைச் சுற்றிச் சுற்றி வருகிற பெரிய நீர்த்தெளிப்பான்களைப் பழுது பார்க்கிறவன். நல்லவன். பேச்சு மட்டும் மழை மாதிரி, வேண்டும்போது வராது. கல்யாணமான பதினோரு வருஷம் ஓமஹா நகர டாக்டர்களிடம் அலைந்தார்கள். நம் ஊரில் யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்பதில்லை. அது அநாகரிகம். அதற்குப் பதில் நூடுல்ஸும் கறியும் சீஸும் போட்டு அடுப்பில் வேகவைத்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு, வானிலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். மர்லாவின் குளிர்பெட்டியில் தட்டு சேரச் சேர, விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கடைசி முறையும் பலிக்காமல் போனபோது ஒன்பது தட்டு வந்தது. அத்துடன் அவர்கள் ஓமஹா போவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தத்தெடுக்கும் நிறுவனத்தில் பெயர் எழுதப் போனால் ஆறு வருஷ வரிசை. வரிசை வருவதற்குள் அவர்களுடைய வயது வரம்பைத் தாண்டிவிடும் என்று அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று மர்லாவுக்கு அன்றுதான் முதன்முதலாகப் புரிந்தது. பிடிக்கவில்லை.

அப்புறம்தான் வக்கீல் ராண்டி ஹோல்ஸ்ட். வேலித் தகராறு, உயில், குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, குழந்தை தத்து, நான்கும் ஒரே மேஜையில். அவருடைய அலுவலகச் சுவரில், அவர் மூலமாக வீடு சேர்ந்த பதினேழு குழந்தைகளின் படம் வரிசையாக இருக்கும். நட்டநடுவில் அவர் சுட்ட மானின் தலை. குழந்தைகளைவிட மானைத்தான் அவர் அதிகம் காட்டுவார்.

"மர்லா, இது உன் ஆபீஸ் இல்ல," என்றார் முதல்நாளே. "இங்க வரிசையும் கிடையாது, டோக்கனும் கிடையாது. வயித்துல பிள்ளையோட இருக்கிற பொண்ணு நாலஞ்சு ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பா. அவளுக்கு யாரைப் பிடிக்குதோ அவங்களுக்குத்தான். ஆக, நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவளுக்கு உன்னைப் பிடிக்கணும்."

"பிடிக்கணுமா?" என்றாள் மர்லா.

டுவேன் லேசாக இருமினான்.

ஆல்பம் என்பது ஒரு தம்பதி தங்களைத் தாங்களே விற்பனைக்கு வைக்கிற வழவழப்பான புத்தகம். அதில் யாரும் சண்டை போடமாட்டார்கள். எல்லா வீட்டிலும் ஆப்பிள் பறிப்பார்கள். எல்லா ஆண்களும் மாவு பிசைவார்கள். ஹோல்ஸ்ட் மாதிரிக்கு இரண்டு மூன்று காட்டினார். அதில் ஒரு குடும்பம் கோடையில் மலை ஏறி, குளிரில் பனிச்சறுக்கி, நடுவில் எப்போது வேலைக்குப் போகிறது என்று மர்லா கேட்டாள். ஹோல்ஸ்ட் அந்த ஆல்பத்தை மூடிவைத்தார்.

டுவேன் எடுத்த முதல் பன்னிரண்டு படங்களையும் வக்கீல் மேஜை மேல் பரப்பிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன, போலீஸ் தேடற ஆளா? பல்லு, மர்லா, பல்லு! கடவுள் உனக்குப் பல்லு குடுத்திருக்கார்ல?"

"முப்பத்திரண்டும் இருக்கு."

"அதுல ஒரு ஆறையாவது காட்டு. அப்புறம் ஒரு நாய் வேணும்."

"எங்ககிட்ட நாய் இல்ல."

"யார்கிட்ட இருக்கு?"

பக்கத்து வீட்டு லைல் கிழவரிடம் இருந்தது. பெயர் மேஜர். பழுப்பு நிறம், பெரிய தலை, அப்பாவி முகம். அந்த முகத்தை நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் பலர். ஈஸ்டருக்காகச் சபை சமையலறையில் ஆறவைத்திருந்த பன்றித் தொடை முழுவதையும் எலும்பு மிச்சமில்லாமல் தின்றது அதுதான். அதற்கு ஒரு சிவப்புக் கழுத்துத்துணி கட்டி, மர்லாவுக்கும் டுவேனுக்கும் நடுவில் உட்காரவைத்து ஹோல்ஸ்டே படம் எடுத்தார். கீழே வாசகமும் அவரே எழுதினார்: "நாங்களும் எங்கள் செல்ல மேஜரும்."

"இது பொய்," என்றாள் மர்லா.

"பொய் இல்ல, படம். நாய் இருக்கா, இருக்கு. நீங்க இருக்கீங்களா, இருக்கீங்க. யாரோட நாய்னு யாரு கேட்டா?"

"'எங்கள்'னு எழுதியிருக்கு, ராண்டி."

"மர்," என்றான் டுவேன், "அது நம்ம குப்பைத்தொட்டியிலதான் பாதி நாள் சாப்பிடுது."

வேறு எந்த நாளாக இருந்தாலும் மர்லா எழுந்து போயிருப்பாள். அன்று அவளுக்கு நாற்பத்துமூன்று வயது முடிய மூன்று வாரம் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு, அடுத்தவர் நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தவறான ஆவணம் ஒன்றில் கையெழுத்துப் போட்டாள்.

தத்துக்கு முன்னால் நடக்கிற வீட்டு ஆய்வுக்கு ஒரு அம்மா வந்தாள். வெந்நீரின் சூட்டை அளந்தாள், டுவேனின் துப்பாக்கிப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள், தீயணைப்பான் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்தாள். அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, உங்களுக்குள் சண்டை வந்தால் எப்படித் தீர்த்துக்கொள்வீர்கள் என்று டுவேனைக் கேட்டாள்.

"கராஜுக்குப் போயிடுவேன்," என்றான் டுவேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். மர்லா கொடுத்த தாள்கள் வண்ணச் சீட்டு ஒட்டி அகரவரிசையில் இருப்பதைப் பார்த்து, இப்படி ஒரு கோப்பை இதுவரை கண்டதில்லை என்றாள். தன்னை ஒரு பெண் பாராட்டியதில் மர்லா அன்று மாலை முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். அந்த அம்மாவின் படிவத்தில் ஏழாம் பக்கத்துக்குப் பிறகு ஒன்பதாம் பக்கம் வருவதைச் சுட்டிக்காட்டிய சந்தோஷம் தனி.

முதல் அழைப்பு மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து வந்தது. ஒரு பெண் அவர்களைத் தேர்ந்தெடுத்தாள். நாயைப் பிடித்ததாம். பிரசவத்துக்குப் போனார்கள். நம் மாநிலத்தில் பிள்ளை பிறந்து நாற்பத்தெட்டு மணி நேரம் கழிந்தால்தான் தாய் கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஆகவே அந்த இரண்டு நாளும் எல்லோரும் முட்டை மேல் நடப்பதுபோல நடப்பார்கள். ஒன்றரை நாள் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் அந்தப் பெண், "கொஞ்ச நேரம் வெளியில இருக்கீங்களா?" என்று கேட்டாள். வெளியே போனார்கள். கதவு திரும்பத் திறந்தபோது நர்ஸ் மட்டும்தான் வந்தாள்.

"அவ குழந்தை, அவ மனசு," என்று மர்லா ஊரில் விசாரித்த எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "அதுக்காகத்தான் அந்த நாற்பத்தெட்டு மணி நேரம்." அதைச் சொல்லும்போது கவுண்டர் முகம்தான். தட்டுகள் பதினான்கு வந்தன. காரின் பின்சீட்டில் கட்டியிருந்த குழந்தை இருக்கையை யாரும் கழற்றவில்லை. நான்கு மாதம் டுவேன் அதைச் சுற்றியே காரைத் துடைத்தான். அந்த நான்கு மாதமும் மர்லா பின்கண்ணாடியைப் பார்க்காமல் வண்டி ஓட்டினாள். இது உரிமத்தைப் பறிக்கத் தகுந்த குற்றம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதம் மெக்கென்னா வந்தாள். இருபது வயது, இருபது மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பிள்ளைக்குத் தகப்பன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு வடக்கே எண்ணெய் வயலுக்குப் போய்விட்டான். எழுதிக் கொடுத்தவரைக்கும் அவனுக்குப் புண்ணியம். உனக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள், செலவு அவர்களுடையது என்று சட்டப்படி அவளிடம் சொன்னார்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்ததே போதும் என்று அவள் எழுதியே கொடுத்துவிட்டாள். ஹோல்ஸ்ட் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"ஏழு ஆல்பம் பார்த்தா, மர்லா! ஏழுல உன்னை எடுத்திருக்கா! என்ன சொன்னேன் நான்? நாய்!"

பான்கேக் அப்பம் விற்கிற ஒரு கடையில் சந்தித்தார்கள். மெக்கென்னா பேசவே இல்லை. அப்பத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அடுக்கிக்கொண்டு, மர்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம் என்று மர்லாவுக்கும் தோன்றியது. இந்தப் பக்கத்தில் எல்லாமே எங்கேயோ பார்த்த முகம்தான் என்று விட்டுவிட்டாள். எழுந்திருக்கும்போது அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாய் கடிக்குமா?"

மர்லாவுக்கு நாக்கு எழவில்லை.

"போஸ்ட்மேனை மட்டும்," என்றான் டுவேன்.

அன்றிலிருந்து அந்த நாய் மர்லாவின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போதும் அங்கேயே, சபையில் பாடும்போதும் அங்கேயே. பெண் உண்மையிலேயே நாயைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள் என்றால், இவர்கள் செய்தது மோசடி. இல்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளை போய்விடும். பத்தொன்பது வருஷம் ஊரையே வறுத்தெடுத்தவளுக்கு இது நல்ல தண்டனை என்று போதகர் கேள்விப்பட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அக்டோபர் மாதம், வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்குப் பெண்குழந்தை பிறந்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் என்றால் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பது. அதில் ஒரு சிக்கல். அந்தச் சனிக்கிழமை மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குச் சொந்த அரங்கில் ஆட்டம்.

வெளியாட்களுக்கு இது புரியாது. ஆட்ட நாளில் நம் மாநிலத்தில் யாரும் சாகக்கூட மாட்டார்கள், திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்வார்கள். கல்யாணத் தேதியை அட்டவணை பார்த்துத்தான் வைப்பார்கள். ஹோல்ஸ்ட் குடும்பத்துக்கு அரங்கில் நான்கு இருக்கைகள், அவருடைய தாத்தா காலத்திலிருந்து. அரங்கு இருக்கும் லின்கனுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம், ஆட்டம் இரண்டரைக்கு, வண்டி நிறுத்த ஒரு மணி நேரம். கணக்கு உதைத்தது.

சனிக்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு ஹோல்ஸ்ட் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தார். அணியின் நிறத்தில் சிவப்புத் தொப்பி, சிவப்பு மேல்சட்டை, சிவப்புக் கால்சட்டை. பின்னால் அவருடைய குமாஸ்தாவும் நோட்டரியுமான வெல்மா, சிவப்பு ஸ்வெட்டரில். தாள்கள்கூடச் சிவப்புக் கோப்பில்தான் இருந்தன. மெக்கென்னா கட்டிலில் சாய்ந்திருந்தாள். குழந்தை டுவேன் கையில். அவனுடைய முழங்கை நீளம்கூட இல்லை அது.

"மெக்கென்னா, கண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, திருப்பினா இங்க ஒண்ணு. நர்ஸம்மா சாட்சி. வெல்மா, நேரம் போடு. பன்னிரண்டு நாற்பத்தஞ்சுன்னு போடு."

வெல்மா பேனாவைத் திறந்தாள். மர்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிஷத்தில் குழந்தை அவர்களுடையது. வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் நாற்பத்தெட்டு நிமிஷம் கிடைக்கும். மேற்குக் கோடிப் பெண்ணுக்கு மனம் மாற அதில் பாதி போதுமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக, ஒரு கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி இருக்க மர்லாவுக்கு ஆசை வந்தது. எவ்வளவு ஆசை என்றால், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டுவேன் அவளைப் பார்த்தான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மெக்கென்னாவின் பேனா தாளில் பட்டது.

"நிறுத்து," என்றாள் மர்லா.

"மர்லா..." என்று ஹோல்ஸ்ட் ஆரம்பித்தார்.

"மணி பன்னிரண்டுகூட ஆகல, ராண்டி."

"சின்ன விஷயம். யாருக்குத் தெரியப்போகுது?"

"கடிகாரம் சுவர்ல மாட்டியிருக்கு. இந்த ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியுது."

"உனக்கு இந்தக் குழந்தை வேணுமா, வேணாமா?"

"வேணும்!" அவள் கத்திய கத்தலில் குழந்தை தூக்கிவாரிப் போட்டுக் கையை விரித்தது. "வேணும். அதனாலதான் சொல்றேன். உக்காருங்க எல்லாரும்."

ஹோல்ஸ்ட் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், தாத்தா காலத்து இருக்கை என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போன் பேச வராந்தாவுக்குப் போனார். வெல்மா எதிர்பார்த்தவள் மாதிரி பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். அவளையும் மர்லா ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

குழந்தையைத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டு, டுவேன் கீழே கேன்டீனுக்குப் போய் சில்லியும் சின்னமன் ரோலும் மூன்று தட்டு வாங்கிவந்தான். காரமான பீன்ஸ் கறிக் குழம்பில் இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்பது மற்ற மாநிலத்தாருக்கு அருவருப்பு. நமக்கு அது பள்ளிக்கூட மதியச் சாப்பாடு. மூவரும் தோய்த்துத் தின்றார்கள். பாதி ரொட்டி போனதும் மர்லா கரண்டியை வைத்தாள். இனி இழுத்தடிப்பதில் அர்த்தம் இல்லை.

"மெக்கென்னா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்த ஆல்பத்துல இருக்கிற நாய் எங்களது இல்ல."

"தெரியும் மேடம்," என்றாள் மெக்கென்னா, வாய் நிறைய ரொட்டியோடு.

"தெரியுமா?"

"அது லைலோட நாய். அவர் அக்கா எங்க ஹோம்லதான் இருக்காங்க. மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வருவார். போன தடவை ஒருத்தங்களோட பல்செட்டைத் தின்னுடுச்சு. மேல்பல்லு மட்டும்."

டுவேன் தலையை ஆட்டினான். மேஜர் அப்படித்தான்.

"அப்ப கடிக்குமான்னு கேட்டியே?"

"என்ன சொல்வீங்கன்னு பார்க்கலாம்னு. நீங்க எதுவும் சொல்லல. முகம்தான் செத்துப்போன மாதிரி ஆச்சு."

"அப்புறம் எதுக்கு எங்களை எடுத்த?" மர்லாவின் குரல் கொஞ்சம் கோபமாகவே வந்தது.

மெக்கென்னா விரலை நக்கிவிட்டுத் துடைத்துக்கொண்டாள். "என்னை ஞாபகம் இல்லையா? ரெண்டு தடவை திருப்பி அனுப்பினீங்க."

மர்லாவுக்கு ஞாபகம் இல்லை. திருப்பி அனுப்பியவர்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் அவளால் கடைத்தெருவில் நடக்க முடியாது.

"பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு. அம்மா ரெண்டாவது கல்யாணம் பண்ணப்ப மாத்தினது. முதல் தடவை அழுதேன். ரெண்டாவது தடவை கார்ல உக்காந்து உங்களைத் திட்டினேன் பாருங்க, எனக்கே தெரியாத கெட்ட வார்த்தையெல்லாம் வந்துச்சு. மூணாவது தடவை எல்லாத் தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில அடுக்கிக் கொண்டாந்தேன். நீங்க ஒவ்வொண்ணா பார்த்துட்டு, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னீங்க. சிரிக்கக்கூட இல்ல."

"சரியா இருந்திருக்கும்," என்றாள் மர்லா.

"அதான் மேடம். எங்க வீட்ல எல்லாரும் சும்மா சொல்வாங்க. அப்பா பிறந்தநாளுக்கு வர்றார்ம்பாங்க. வரமாட்டார். இந்த வீட்லயே இருப்போம்பாங்க. இருக்கமாட்டோம். எல்லாம் நல்ல மனசோடதான் சொல்வாங்க." அவள் தொட்டிலைப் பார்த்தாள். "ஆல்பத்துல அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியல. ரெண்டு பக்கம் தள்ளித்தான், 'அய்யோ, இது அந்த லைசென்ஸ் பொம்பளை'ன்னு புரிஞ்சுது. இவ ஒருநாள் என்னைப் பத்திக் கேப்பா, இல்ல? நீங்க இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுவீங்க. இனிக்க இனிக்க எதையும் சேர்க்கமாட்டீங்க."

ஒருவர் தன்னை இதற்காகத் தேடி வருவார் என்று மர்லாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கரண்டிகளை ஒரே பக்கம் பார்க்க வைத்தாள்.

மணி பன்னிரண்டு இருபத்துமூன்று. மெக்கென்னா குழந்தையைக் கேட்டாள். டுவேன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்து, போர்வையை விலக்கி, காலைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

"கொஞ்ச நேரம் வெளியில இருக்கீங்களா?"

அதே வார்த்தை. மர்லா எழுந்தாள். நர்ஸும் கூடவே வந்து கதவைச் சாத்தினாள். வராந்தாவில் ஹோல்ஸ்ட் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"சந்தோஷமா?" என்றார். "வெளியில அனுப்பிட்டாளா? பேனாவை வச்சிருந்தா, மர்லா. தாள் மேல வச்சிருந்தா."

கீழே போய் காரிலிருந்து அந்த இருக்கையைக் கழற்றிவிடலாம் என்று மர்லா நினைத்தாள். யாராவது நூடுல்ஸ் தட்டோடு வந்தால் அந்தத் தட்டை அவர்கள் தலையிலேயே கவிழ்ப்பது என்றும் நினைத்தாள். டுவேன் பக்கத்தில் வந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் போய் ஒளிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் கராஜ் இல்லை.

"நீ செஞ்சது சரிதான், மர்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கல," என்றான்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குக் கதவு உள்ளிருந்து திறந்தது. மெக்கென்னாவே எழுந்து வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. நேராக வெல்மாவைப் பார்த்தாள்.

"இப்ப மணி சரியா இருக்கா?"

"ஒரு நிமிஷம் கூடவே," என்றாள் வெல்மா.

மெக்கென்னா குழந்தையை மர்லாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். முதல் தாளில் பெயரை ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"நடுப்பெயரையும் முழுசா எழுதணும்ல மேடம்?"

"எழுதணும்," என்று சொல்ல மர்லா வாயைத் திறந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஹோல்ஸ்ட் அரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கால்வாசி ஆட்டம் முடிந்திருந்தது. அணி இருபத்துநான்கு புள்ளியில் தோற்றது. தன் இருக்கை காலியாக இருந்ததால்தான் தோற்றது என்று இன்றைக்கும் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவருடைய சுவரில் பதினெட்டாவது குழந்தையின் படம் மானின் கொம்புக்குக் கீழே தொங்குகிறது. குழந்தையின் பெயர் ஐரிஸ். நடுப்பெயர் மெக்கென்னா, முழுசாக.

கையெழுத்தான மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஊரே சபையில் இருந்த நேரம் மர்லா வீட்டில் இருந்தாள். தோளில் ஐரிஸ் தூங்கிக்கொண்டிருந்தது. மேஜர் வழக்கம்போலப் பின்பக்கம் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அவள் ஆல்பத்தை எடுத்துச் சமையலறை மேஜையில் விரித்தாள். "நாங்களும் எங்கள் செல்ல மேஜரும்" என்ற இடத்தில், "எங்கள் செல்ல" என்பதன்மேல் அளவுகோல் வைத்து ஒத்தைக் கோடு போட்டாள். பக்கத்தில் "பக்கத்து வீட்டு" என்று எழுதினாள். முதலெழுத்து, தேதி. பல்லைக் காட்டிய தன் முகத்துக்கு என்ன திருத்தம் செய்வது என்று யோசித்து, அதை அப்படியே விட்டுவிட்டாள்.

பிறகு கடைசியில் காலியாக இருந்த பக்கத்தைத் திருப்பினாள். ஐரிஸ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் புரிய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

"சனிக்கிழமை 11:52-க்குத் தாள் வந்தது. 12:41-க்குத்தான் கையெழுத்து. அதற்கு முன் 18 நிமிஷம் அறையில் நீயும் உன் அம்மாவும் மட்டும் இருந்தீர்கள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நாங்கள் வெளியே நின்றோம். எனக்கு மிகவும் பயமாக இருந்தது."

ஒருமுறை படித்துப் பார்த்தாள். "யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை" என்பதன்மேல் கோடு போட்டு, "ஒருவர் அவசரப்படுத்தினார், நாங்கள் விடவில்லை" என்று பக்கத்தில் எழுதி, முதலெழுத்தும் தேதியும் போட்டாள்.